ஓடைக்கரை வரிசை

தோட்டத்து அக்கா முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, நான் கொடுத்த காப்பியை உடனே குடிக்கவில்லை. கையில் வாங்கி மூக்கருகே வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். ஜெபிக்கிறாளாக்கும் என்று நானும் தலையைக் குனிந்துகொண்டேன். வெகுநேரம் கழித்து, "கருப்பட்டி போன வருஷத்துது. நடுவுல ஒரு மழை நனைஞ்சிருக்கு. வெயில்ல போட்டுக் காயவச்சு வித்திருக்கான்," என்றாள். நான் ஆரல்வாய்மொழிக்கு வந்து மூன்றே நாள்தான் ஆகியிருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. "தண்ணி நல்ல தண்ணி," என்று சொல்லி, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

என் வீட்டுக்காரர் அந்தச் சபைக்குப் போதகராக மாற்றலாகி வந்திருந்தார். எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்பார்கள். அவர் மனைவி ஐயரம்மா. எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. ஐயரம்மா என்று யாராவது கூப்பிட்டால், பின்னால் யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பேன். அக்காவுக்கு ஐம்பது இருக்கும். ஒல்லியான, உயரமான உடம்பு. புருஷன் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை இல்லை. அவள் பேரை இங்கே எழுதப்போவதில்லை. சபை அறிக்கையில் தன் பேரை வாசித்தாலே கெட்டவாடை பட்டதுபோல் மூக்கைச் சுளிப்பவள் அவள். ஊரில் எல்லோருக்கும் தோட்டத்து அக்காதான், தோட்டம் போய் ஆறு வருஷம் ஆன பிறகும்.

அவள் நாக்கைக் கண்டு ஊரே பயந்தது. கோள் சொல்வாள், திட்டுவாள் என்று அல்ல. அந்த நாக்குக்குப் பொய் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். கல்யாணப் பந்தியில் அக்கா உட்கார்ந்தால் சமையல்காரன் அடுக்களைக்குள் போய்விடுவான். ஒரு தடவை சபையின் பெரிய மனிதர் ஒருவர் இறந்தபோது, அடக்க ஆராதனையில் ஆளாளுக்கு எழுந்து அவரை வானத்துக்கு ஏற்றினார்கள். அக்காவையும் ஏதாவது சொல்லச் சொல்லி வற்புறுத்தினார்கள். எழுந்து நின்றாள், யோசித்தாள். "பாட்டு நல்லாப் படிப்பாரு. ரெண்டாம் சரணத்துல மட்டும் சுருதி எறங்கும்," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். அவருடைய மனைவி அழுகைக்கு நடுவே தலையாட்டியதை நான் பார்த்தேன். அன்று பேசியவர்களில் அவரை உண்மையில் கேட்டிருந்தவள் இவள் ஒருத்திதான் என்று அந்த அம்மாளுக்குப் பட்டிருக்க வேண்டும்.

தோட்டம் என்றால் திராட்சைத் தோட்டம். அக்காவின் அப்பாவுக்கு எப்போதோ ஒரு வெள்ளைக்காரப் போதகர் கொடுத்த கருந்திராட்சைக் குச்சிகளை, மலையடிவாரத்துச் சரிவில் மூன்று வரிசையாக நட்டாராம். மேல வரிசை, நடு வரிசை, ஓடைக்கரை வரிசை. எங்கள் சபையில் அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்துக்கு அந்த ஒரு தோட்டத்துப் பழத்தில்தான் திராட்சரசம். வெளிப்பழம் ஒன்றுகூடச் சேராது. சர்க்கரையும் சேராது. பழத்தைப் பிசைந்து பீங்கான் பரணியில் தோலோடு புளிக்கவிட்டு, வடித்து, புட்டியில் ஊற்றி, தக்கை அடித்து, தேன்மெழுகு உருக்கி வாயை மூடுவார்கள். பிறகு நிலவறையில் மணலுக்குள் படுக்கப்போடுவார்கள். அப்பாவிடமிருந்து அந்த வேலை அக்காவுக்கு வந்திருந்தது.

அந்த நிலவறையை இப்போதும் கனவில் காண்கிறேன். அவள் வீட்டின் பின் அறையில் ஒரு பலகையைத் தூக்கினால் ஏழு படிகள் கீழே போகும். வெளியே ஆனி ஆடிக் காற்று கணவாய் வழியாக வந்து ஓட்டைப் பிய்த்துக்கொண்டிருக்கும். நாலு படி இறங்கினதும் காற்றே இல்லாத ஊருக்கு வந்துவிட்டதுபோல் இருக்கும். ஈரமணல் வாசம். அக்கா கையில் பிடித்த விளக்கின் சுடர் அசையாது. மணலுக்குள் கையைவிட்டு, உறங்குகிற பிள்ளையைப் புரட்டுவதுபோல் ஒரு புட்டியை மெல்லத் திருப்புவாள். மேலே சீட்டு கிடையாது, குறி கிடையாது. எது எந்த வருஷம், எந்த வரிசை என்று அவள் விரலுக்குத் தெரியும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருவிருந்து. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையில் புட்டியை வாங்கிவர நான் போவேன். அவள் முதலில் சுவைத்துப் பார்த்த பிறகுதான் தருவாள். கண்ணாடிக் குவளையில் ஒரு விரலுக்கு ஊற்றி, விளக்குக்கு எதிரே சாய்த்துப் பார்ப்பாள். சுவரில் ஒரு சிவப்பு வட்டம் விழும். முகர்வாள். வாயில் வைத்துக்கொள்வாள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்கிறபோது, தூரத்தில் யாரோ பேசுவதைக் கேட்கிற மாதிரி இருக்கும். பிறகு தேங்காய்ச் சிரட்டையை எடுத்து முழுவதையும் துப்பிவிடுவாள்.

"என்ன அக்கா சொல்லுது?" என்று கேட்பேன்.

"இது நடு வரிசை. மொதல்ல நாவல்பழம் வரும். பொறவு கிராம்பு. பொறவு ஒண்ணுமே இல்ல, வாய் சும்மா கெடக்கும். போச்சுன்னு நெனைக்கும்போது மழை வரும் பாத்துக்கிடுங்க. புதுமழை மண்ணுல விழுந்த மாதிரி. அது வந்தாத்தான் நம்ம தோட்டம்."

ஞாயிற்றுக்கிழமை என் முறை வரும்போது கண்ணை மூடி அந்த மழைக்காகக் காத்திருப்பேன். பலதடவை வரவில்லை. ஒரே ஒருமுறை வந்தது. அன்று கோவிலைவிட்டு வெளியே வந்தபோது சித்திரை வெயில் கொளுத்தியது. நான் சேலை நனையாமல் இருக்கக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி நடந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் பார்த்து, "என்னாச்சு ஒனக்கு?" என்றார். சொன்னால் சிரிப்பார் என்று சொல்லவில்லை.

அவள் ஏன் துப்புகிறாள் என்று ஒருநாள் கேட்டேன். ஒரு வாயாவது விழுங்கினால் என்ன? "திருவிருந்துல மட்டுந்தான் முழுங்கணும்னு அப்பா வச்ச சட்டம். இங்கெ வச்சு முழுங்கினா அது குடியில்லா?" என்றாள். அப்படியானால் திருவிருந்தில் விழுங்க வேண்டியதுதானே? அங்கேதான் எல்லாச் சிக்கலும் இருந்தது.

அக்காவுக்கு ஒரு அண்ணன். அப்பாவின் நாக்கு அவருக்குத்தான் முழுசாக வந்தது, தனக்கு மிச்சம்தான் என்று அவளே சொல்வாள். ஆனால் அந்த நாக்கு அண்ணனைக் குடியில் கொண்டு தள்ளிவிட்டது. கள், சாராயம், நிலவறைப் புட்டி என்று எதையும் விடவில்லை. கடைசியில் வயிறு வீங்கிப் படுத்து, பிழைத்து, மதுவிலக்குக் கூட்டத்தில் கையெழுத்துப் போட்டார். போட்ட மறுநாள் நட்ட நடு மத்தியானம், வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். அக்கா பெண்கள் சங்கத்துக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வந்தபோது மூன்று வரிசையும் தரையில் கிடந்தன. அவர் நடுவில் உட்கார்ந்து மண்வெட்டியால் வேரைத் தோண்டிக்கொண்டிருந்தாராம்.

சபை அவரைக் கொண்டாடியது. கூட்டம் போட்டு மாலை போட்டார்கள். திருவிருந்துக்கு இனி ரசம் ஏது என்று அந்த நேரத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அக்கா மட்டும் வீட்டுக்குப் போய் நிலவறைப் பலகைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்றிலிருந்து அண்ணனோடு பேச்சு இல்லை.

அண்ணன் வீடு அடுத்த வீடு. நடுவில் ஒரே கிணறு, இரண்டு பேருக்கும். ஒருவர் இறைக்கும்போது மற்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள். ஒருநாள் அவர் கயிறு அறுந்து வாளி உள்ளே விழுந்துவிட்டது. அக்கா தன் கயிற்றை அவிழ்த்துக் கிணற்றுச் சுவரில் வைத்துவிட்டு, வெறும் குடத்தோடு வீட்டுக்குப் போனாள். அப்போதும் பேசவில்லை.

எங்கள் சபையில் திருவிருந்துக்கு முன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆயத்த ஆராதனை நடக்கும். யார்மேலாவது மனக்கசப்பு இருந்தால் அதற்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பாத்திரத்தில் வாய் வைக்கக்கூடாது. இது எல்லோருக்கும் தெரிந்த சட்டம். எல்லோரும் என்ன செய்வோம்? "மன்னிச்சாச்சு ஐயரே," என்று சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை குடித்துவிடுவோம். நானே என் நாத்தனார் விஷயத்தில் அப்படித்தான் செய்திருக்கிறேன். அக்காவால் முடியாது. ஒவ்வொரு தடவையும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணை மூடி, தன் மனசை ஒரு வாய் எடுத்துப் பார்ப்பாள். பிறகு என்னிடம் வந்து, "இன்னும் இருக்கு ஐயரம்மா. அடியில கெடக்கு," என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கைமாறிக் கைமாறி வரும். பெண்கள் பக்கத்தில் அக்கா அதை வாங்கி அடுத்தவளுக்குக் கொடுப்பாள். எதையும் முகர்ந்து பார்க்கிறவள், அந்த ஒரு நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். ஆண்கள் பக்கத்தில் அண்ணன் அப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பாத்திரத்தைத் தள்ளிவிடுவார். ஒரு சொட்டு உள்ளே போனால் பழையபடி ஆகிவிடுவோம் என்ற பயம். ஊரில் அந்த ரசத்தை உள்ளபடி அறிந்த நாக்கு இரண்டுதான். அந்த இரண்டுக்கும் அது கிடையாது. நாங்கள் நாக்குச் செத்த எண்பது பேர் குடித்துக்கொண்டிருந்தோம்.

நாங்கள் வந்தபோது நிலவறையில் பன்னிரண்டு புட்டிகள் இருந்தன. தீர்ந்ததும் உலர்ந்த திராட்சையை வேகவைத்த தண்ணீர்தான் என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். ஒவ்வொரு தடவையும் அக்கா மணலைத் துழாவுவாள். சுவரோரம் தனியாகக் கிடந்த ஒரு புட்டியை மட்டும் தொட்டுவிட்டு, விட்டுவிடுவாள். கொல்லம் ஆண்டு தொண்ணூற்றொன்பதில் திருவிதாங்கூரே மூழ்கியதே, அந்த வெள்ளத்துக்கு அடுத்த அறுவடையின் ரசம் அது. ஓடைக்கரை வரிசை. அந்த வருஷம் வேர் குடித்த தண்ணீர் வேறு எந்த வருஷமும் குடிக்கவில்லை என்பாள்.

"இதை யாருக்கு வச்சிருக்கிய அக்கா?" என்று கேலியாகக் கேட்டேன்.

"எனக்குத்தான்," என்றாள் கொஞ்சமும் கூசாமல். "மனசு தெளிஞ்சு நான் திருவிருந்துக்கு வாற அன்னைக்கு இதைத் தருவேன். மொத மடக்கு இதாத்தான் இருக்கணும்."

பதினொன்று போயிற்று. அது ஒன்று மிஞ்சியது.

அந்த வருஷம் மலையடிவாரம் முழுக்கக் குளிர்காய்ச்சல். அக்காவுக்கும் வந்து, நெய்யூர் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தாள். கொயினா மருந்து கொடுத்து உயிரை மீட்டு அனுப்பினார்கள். வில்வண்டியிலிருந்து இறங்கியபோது அவள் நிழல்கூட மெலிந்திருந்தது. அடுத்த திருவிருந்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. "புட்டியைத் தருவேன். மனசு தெளியல்ல, ஆனா எனக்குன்னு வச்சுக்கிட முடியாது. சபைக்குப் பண்ணினது சபைக்கு," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் இறங்கினோம். மெழுகை உடைத்து, தக்கையை எடுத்து, ஊற்றினாள். வாயில் வைத்தாள், துப்பினாள். மறுபடியும் வைத்தாள், துப்பினாள். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குத் தெரியல்ல ஐயரம்மா."

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை. "கொயினாக் கசப்பு இன்னும் போகல்ல. கோளாறு புட்டியிலயா, நாக்குலயான்னு தெரியல்ல. கெட்டதைச் சபைக்குக் கொடுக்க முடியாது. நல்லதைக் கொட்டவும் முடியாது."

"நான் பாக்கட்டுமா?" என்றேன்.

அந்த நிலையிலும் சிரித்தாள். "ஒங்க நாக்கு எரக்கமுள்ள நாக்கு ஐயரம்மா. வேண்டாம்."

விளக்குச் சுடரையே பார்த்துக்கொண்டு இருந்தாள். மேலே காற்று போகிற சத்தம் எங்கோ வேறு நாட்டில் கேட்பதுபோல் கேட்டது. பிறகு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். நானும் பின்னால் போனேன். அண்ணன் கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே," என்றாள்.

அவர் கையிலிருந்து கயிறு நழுவி வாளி தண்ணீரில் விழுந்தது.

"ஒன் நாக்கு ஒரு தடவை வேணும்."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. தலையை ஆட்டினார். "நான் தொடமாட்டேன்னு கையெழுத்துப் போட்டவன். எனக்குப் பயமாருக்கு ஏட்டி."

"முழுங்கவேண்டாம். துப்பிரு. சிரட்டையை நான் பிடிக்கேன்."

அவர் நிலவறைக்குள் இறங்கியதை என்னால் மறக்க முடியாது. மூன்றாம் படி வெகுகாலமாக உடைந்தே கிடந்தது. எனக்கு ஒவ்வொரு தடவையும் தடுக்கும். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு வந்தவர், இருட்டில் அதைத் தாண்டிக் காலை வைத்தார். குவளையை வாங்கினார். அக்கா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். முகர்ந்தார். வாயில் வைத்தார். அவர் கண் மூடியது, முகம் இளகியது. அக்கா சிரட்டையை அவர் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு, "துப்பு. துப்புண்ணே. எனக்காகத் துப்பு," என்று பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

துப்பிவிட்டார்.

"போயிருச்சு ஏட்டி. புளிச்சுக் காடியாப் போச்சு."

"முழுசாவா?"

"முழுசா. ரெண்டு வருஷம் முந்தியே போயிருக்கும்."

ரெண்டு வருஷம். அதற்கு முன் எப்போது அவள் மனசு இளகியிருந்தாலும் அது நன்றாக இருந்திருக்கும். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் இன்னும் வாயை அசைத்துக்கொண்டிருந்தார். "அடியில கொஞ்சம் இருக்கு. ஓடைக்கரை வரிசை. மழை இருக்கு." குவளையைக் கீழே வைத்தார். "அதைத்தான் நான் மொதல்ல வெட்டினேன். அதுதான் என்னை ரொம்பக் கூப்பிட்டுது. வெட்டாம இருந்திருக்கலாம் ஏட்டி. ஒனக்கு ஒரு கொடியாவது விட்டிருக்கலாம்."

அக்கா சிரட்டையை மணலில் வைத்தாள். முந்தானையை எடுத்து அவர் வாயைத் துடைத்தாள்.

"வெட்டல்லன்னா நீ செத்திருப்ப," என்றாள்.

அன்று சாயங்காலம் ஆயத்த ஆராதனையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் கண்ணை மூடியிருந்தாள். முடிந்ததும் என்னிடம் வரவில்லை. நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமை உலர்ந்த திராட்சையை நான் அடுப்பில் ஏற்றினேன். வாழ்க்கையில் முதல்தடவை. என் நினைப்பெல்லாம் வேறெங்கோ இருந்தது. தீய்ந்த வாசம் வந்த பிறகுதான் ஓடிப்போய் இறக்கினேன். வேறு திராட்சை வாங்கக் கோட்டாறுக்குத்தான் போகவேண்டும், நேரமில்லை. கொஞ்சம் சர்க்கரையைப் போட்டு வடித்துவைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் பெண்கள் பக்கம் வந்தது. நான் பாட்டுப்புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தேன். அக்கா வாங்கினாள். மூச்சைப் பிடிக்கவில்லை. குனிந்து வாய் வைத்தாள். அவள் தொண்டை அசைந்து இறங்கியதைக் கண்டேன். அந்தப் பக்கம் அண்ணனுக்கும் போயிற்று. புளிக்காத தண்ணீர்தானே, பயமில்லை; இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். நான் அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன். ஆனால் அவள் அத்தனை வருஷம் காத்திருந்து விழுங்கினது என் கையால் கருகிப்போன அந்தத் தண்ணீரை என்று நினைக்க நினைக்க எனக்கு ஆறவே இல்லை.

ஆராதனை முடிந்து பின்னறையில் பாத்திரங்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன். அக்கா வந்து வாசலில் நின்றாள்.

"ஐயரம்மா, அடிபிடிக்க விட்டுட்டிய."

"மன்னிச்சிருங்க அக்கா. ரொம்ப மோசமா?"

"ரொம்ப மோசம். அதுல சர்க்கரை வேற போட்டிருக்கிய."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் முந்தானைக்குள்ளிருந்து ஒரு சின்னச் செம்பை எடுத்து நீட்டினாள்.

"மிச்சம் இருந்தா இதுல ஊத்துங்க. அண்ணன் வெளிய நிக்கான். அவனுக்கு இன்னும் ஒரு மடக்கு வேணுமாம்."

ஊற்றினேன். செம்பில் பாதி வந்ததும் போதுமா என்று நிமிர்ந்து பார்த்தேன். அவள் செம்பை விலக்கவில்லை.

"எனக்கும்," என்றாள்.